நிலப் பதிவுச் சட்டம் மாறும்போது நம் கருத்தைச் சொல்வது எப்படி? முழுமையான வழிகாட்டி

2025 மே மாதக் கடைசியில், மத்திய ஊரக வளர்ச்சி அமைச்சகத்தின் நிலவளத் துறை ஒரு வரைவு மசோதாவை வெளியிட்டது. 1908-ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டத்தை எடுத்துவிட்டுப் புதுச் சட்டம் கொண்டுவருவது அதன் நோக்கம். கருத்து அனுப்பக் கடைசி நாள் ஜூன் 25. நம் வீட்டுக்கும் வயலுக்கும் எழுதிய அத்தனை பத்திரங்களும் நூறாண்டுக்கு மேலாக இந்தச் சட்டத்தின் கீழ்தான் பதிவாகின்றன. அதை மாற்றுவது பற்றிப் பேச நமக்குக் கிடைத்தது சுமார் முப்பது நாள்.

இப்படி ஒரு வரைவு வரும்போது வங்கிகள், கட்டுமான நிறுவனங்கள், வழக்கறிஞர் சங்கங்கள் எல்லாம் தயாராக இருப்பார்கள். கூட்டுப் பட்டாவில் பெயர் விட்டுப்போன அத்தையும், நத்தம் என்னும் ஊர்க் குடியிருப்பு நிலத்தில் மூன்று தலைமுறையாக வீடு கட்டிக் குடியிருப்பவரும் தயாராக இருக்க மாட்டார்கள். ஆனால் நிலப் பதிவில் எந்த மாற்றம் வந்தாலும் முதலில் அடிபடுவது புத்தகத்தில் பெயர் ஏறாதவர்தான். ஆகவே இந்த வழிகாட்டி முழுக்க ஒரே கேள்வியைச் சுற்றி நடக்கும்: இந்தப் பிரிவு சட்டமானால், பெயர் ஏறாதவருக்கு என்ன ஆகும்? தமிழ்நாட்டை மனதில் வைத்து எழுதுகிறேன். மத்திய அரசின் வரைவு, மாநிலத்தின் திருத்தம் இரண்டுக்கும் இதே வழி பொருந்தும்.

படி 1: இப்போது நம்மிடம் இருப்பது என்ன என்று தெரிந்துகொள்ளுங்கள்

இதைத் தாண்டிவிட்டு வரைவைப் படித்தால் ஒன்றும் விளங்காது. சார்பதிவாளர் அலுவலகம் பத்திரத்தைப் பதிவு செய்கிறது. அந்த நிலம் விற்றவருக்குச் சொந்தமா என்று அது சான்று தருவதில்லை. விற்றவர் கையெழுத்துப் போட்டார், வாங்கியவர் வந்தார், முத்திரைத் தீர்வை கட்டினார்கள், பதிவாயிற்று என்பதோடு அதன் வேலை முடிகிறது. சொந்தம் யாருக்கு என்று சண்டை வந்தால் சிவில் நீதிமன்றம்தான் சொல்ல வேண்டும்.

ஒரே நிலத்துக்கு நம்மிடம் மூன்று துறைகளின் பதிவுகள் இருக்கின்றன. பத்திரமும் வில்லங்கச் சான்றும் பதிவுத்துறையுடையவை. பட்டா, சிட்டா, அ-பதிவேடு எல்லாம் வருவாய்த்துறையுடையவை. புலப்படம் நில அளவைத்துறையுடையது. மூன்றும் ஒன்றோடொன்று ஒத்துப்போக வேண்டும். பல இடங்களில் ஒத்துப்போவதில்லை.

வில்லங்கச் சான்றில் வில்லங்கம் இல்லை என்று வந்தால் பலரும் நிம்மதியாகிவிடுகிறார்கள். பதிவான ஆவணங்கள் மட்டுமே அதில் தெரியும். பதிவு செய்யாத உயில் வராது. வாய்மொழியாக நடந்த பாகப்பிரிவினை வராது. நீதிமன்றத்தில் நடந்துகொண்டிருக்கும் வழக்கு பெரும்பாலும் வராது. மகாராஷ்டிரத்திலும் குஜராத்திலும் நிலுவை வழக்கு பற்றிய அறிவிப்பைப் பதிவு செய்யும் ஏற்பாடு சட்டத்திலேயே இருக்கிறது. இங்கே அப்படி இல்லை. நம் ஊர் வரைவுக்கு இதைக் கேட்டு எழுதுவதே ஒரு நல்ல பரிந்துரை.

சீர்திருத்தம் என்ற பெயரில் வருபவை மூன்று வகை. பழைய பதிவுகளைக் கணினியில் ஏற்றுவது முதல் வகை. பதிவு நடைமுறையை மாற்றுவது இரண்டாவது. 2025 வரைவு இந்த இரண்டாம் வகை. இணையவழிப் பதிவு, சம்மதத்தின் பேரில் ஆதார் சரிபார்ப்பு, விற்பனை ஒப்பந்தம், பவர் (அதிகாரப் பத்திரம்) போன்றவற்றுக்கும் கட்டாயப் பதிவு, பதிவை மறுப்பதற்கான காரணங்கள் என்று போகிறது அது. மூன்றாம் வகைதான் பெரியது: இந்த நிலம் இன்னாருக்கே சொந்தம் என்று அரசே உறுதி சொல்வது. 1858-இல் தெற்கு ஆஸ்திரேலியாவில் ராபர்ட் டாரன்ஸ் கொண்டுவந்த முறையின் வழி அது. நிதி ஆயோக் 2020-இல் வெளியிட்ட மாதிரிச் சட்டமும் அந்த வழியைத்தான் பின்பற்றியது. கையில் கிடைத்த வரைவு எந்த வகை என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். மூன்றாம் வகை என்றால் இரு மடங்கு கவனம் வேண்டும்.

படி 2: ஆந்திராவில் நடந்ததைப் படியுங்கள்

பக்கத்து மாநிலத்தில் இந்த மூன்றாம் வகைச் சீர்திருத்தம் எழுந்து விழுந்த கதை நமக்கெல்லாம் பாடம். 2020 டிசம்பரில் ஆந்திர அரசு மாநிலம் முழுக்க மறு நில அளவையைத் தொடங்கியது. நில உரிமைச் சட்டத்தைச் சட்டமன்றம் 2022-இல் நிறைவேற்றியது. குடியரசுத் தலைவரின் ஒப்புதலோடு 2023 அக்டோபர் 31-இல் அது நடைமுறைக்கு வந்தது. நோக்கத்தில் குறை சொல்ல முடியாது. நில வழக்குகள் குறைய வேண்டும், உரிமை உறுதியாக வேண்டும் என்பதை யார்தான் வேண்டாம் என்பார்கள்?

சிக்கல் உள்ளே இருந்தது. உரிமைப் பதிவேட்டில் ஒரு பெயர் ஏறி, இரண்டு ஆண்டுக்குள் யாரும் ஆட்சேபிக்காவிட்டால் அந்தப் பதிவே இறுதி. தகராறு வந்தால் சிவில் நீதிமன்றத்துக்குப் போக முடியாது. உரிமைப் பதிவு அலுவலர், அவருக்கு மேல் ஒரு மேல்முறையீட்டு அலுவலர், அதற்கும் மேல் உயர் நீதிமன்றம். குவைத்துக்கு வேலைக்குப் போனவரோ, கட்டிக்கொடுத்த ஊரில் இருக்கும் மகளோ, பதிவேட்டில் வேறு பெயர் ஏறியதை இரண்டு ஆண்டுக்குள் எப்படித் தெரிந்துகொள்வார்கள்? தெரிந்தாலும், தாலுகா ஊரில் இருக்கும் முன்சீப் கோர்ட்டை விட்டுவிட்டு உயர் நீதிமன்றம் வரை அலையச் சிறு விவசாயிக்கு முடியுமா? வழக்கறிஞர்கள் நீதிமன்றங்களைப் புறக்கணித்தார்கள், உயர் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டார்கள். 2024 தேர்தலில் இது பெரிய பிரச்சாரப் பொருளாயிற்று. ஆட்சி மாறியதும் ஜூனில் ரத்துக் கோப்பில் கையெழுத்து, ஜூலையில் சட்டமன்றத்தில் ரத்து மசோதா.

அந்த ஆட்சேபங்கள் சட்டம் வருமுன்பே ஊர் ஊராகக் கேட்கப்பட்டிருந்தால், கெடுவை நீட்டியிருக்கலாம், சிவில் நீதிமன்றத்தைத் திறந்து வைத்திருக்கலாம். சட்டமும் பிழைத்திருக்கலாம் என்பது என் கருத்து. இப்போது நல்லதும் கெட்டதும் சேர்ந்தே போய்விட்டது.

தமிழ்நாட்டிலும் ஒரு பாடம் உண்டு. போலிப் பத்திரத்தை மாவட்டப் பதிவாளரே ரத்து செய்யலாம் என்று 2022-இல் பதிவுச் சட்டத்தில் தமிழ்நாட்டுக்கான 77-ஏ பிரிவு வந்தது. ஆள்மாறாட்டத்தில் நிலத்தைப் பறிகொடுத்தவர்களுக்கு அது பெரிய நிம்மதி. ஆனால் 2024-இல் சென்னை உயர் நீதிமன்றம் அந்தப் பிரிவை ரத்து செய்தது. 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம், மூலப்பத்திரம் காட்டாவிட்டால் பதிவு இல்லை என்ற தமிழ்நாட்டுப் பதிவு விதிகளின் 55-ஏ விதியையும் செல்லாது என்றது. உரிமையை விசாரிக்கும் அதிகாரம் சார்பதிவாளருக்குச் சட்டத்தில் இல்லை என்பது காரணம். ஆகவே, ‘பதிவாளரே எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளட்டும்’ என்று கருத்து எழுதுபவர்கள், அது நீதிமன்றத்தில் நிற்குமா என்றும் யோசித்து எழுத வேண்டும்.

படி 3: வரைவை எங்கிருந்து படிக்கத் தொடங்குவது

முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படிக்க உட்கார்ந்தால் பத்தாம் பிரிவில் தூக்கம் வந்துவிடும். முதல் வாசிப்பில் ஐந்து இடங்களை மட்டும் பாருங்கள்: பதிவை மறுக்கும் காரணங்கள், யாருக்கு எப்படி நோட்டீஸ் போகும், ஆட்சேபம் சொல்லக் கெடு எவ்வளவு, மேல்முறையீடு எங்கே, சிவில் நீதிமன்றத்தை விலக்கும் பிரிவு இருக்கிறதா. அப்புறம், ‘விதிகளில் குறிப்பிட்டவாறு’ என்று வரும் ஒவ்வொரு இடத்தையும் அடிக்கோடிடுங்கள். முக்கியமான ஒன்றைச் சட்டத்தில் சொல்லாமல் பிற்பாடு எழுதப்போகும் விதிக்குத் தள்ளிவிட்டார்கள் என்று அதற்கு அர்த்தம். 2025 வரைவிலும் பதிவை ரத்து செய்யும் நடைமுறை விதிகளுக்கு விடப்பட்டிருக்கிறது. 77-ஏ பட்ட பாட்டைப் பார்த்த நாம் அதை அப்படியே விட்டுவிட முடியாது.

மத்திய அரசின் வரைவு என்றால், 2014-இல் வகுக்கப்பட்ட சட்டமியற்றலுக்கு முந்தைய கலந்தாய்வுக் கொள்கை கையில் இருக்கட்டும். குறைந்தது 30 நாள் பொதுப்பார்வைக்கு வைக்க வேண்டும், எளிய நடையில் விளக்கக் குறிப்பு வேண்டும், வந்த கருத்துகளின் சுருக்கத்தை இணையத்தில் போட வேண்டும் என்கிறது அது. சட்டம்போல் கட்டுப்படுத்தாது என்றாலும், இதைச் சுட்டிக்காட்டிக் கூடுதல் காலம் கேட்கலாம், தமிழ் மொழிபெயர்ப்புக் கேட்கலாம். முதல் வாரத்திலேயே கேட்டுவிடுங்கள். கடைசி நாளில் கேட்டுப் பயனில்லை.

படி 4: ஒரே ஒரு சர்வே எண்ணை எடுத்து மேசையில் பரப்புங்கள்

கருத்துக்குக் கனம் கொடுப்பது ஆவணம். ஊரில் ஒரு சர்வே எண்ணைத் தேர்ந்தெடுங்கள். அதன் வில்லங்கச் சான்று, பட்டா, அ-பதிவேட்டு நகல், புலப்படம், மூலப்பத்திரம், வீட்டுவரி ரசீது அல்லது கிஸ்தி ரசீது எல்லாவற்றையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். பட்டா, அ-பதிவேடு ஆகியவற்றை வருவாய்த்துறையின் இணைய சேவையிலேயே பார்க்கலாம். வில்லங்கம் 1975-இலிருந்து இணையத்தில் கிடைக்கிறது. அதற்கு முந்தையதுக்கு அலுவலகத்தில் மனுப் போட வேண்டும்.

என்ன தெரியும் என்பதற்கு ஓர் உதாரணம். பத்திரத்தில் ஒரு ஏக்கர் இருபது செண்ட். பட்டாவில் 0.45.50 ஹெக்டேர், அதாவது ஒரு ஏக்கர் பன்னிரண்டரை செண்ட். எட்டு செண்ட் போலக் காணோம். பட்டா இன்னும் செத்துப்போன தாத்தா பெயரில். அவருக்கு இரண்டு மகன், மூன்று மகள். மகன்கள் வாய்ப்பேச்சில் பிரித்துக்கொண்டு ஆளுக்குப் பாதி உழுகிறார்கள். புலப்படத்தில் உட்பிரிவு கிடையாது. மகள்கள் பெயர் எந்தக் காகிதத்திலும் இல்லை. மூவருக்கும் சட்டப்படி பங்கு உண்டு. இந்தச் சர்வே எண்ணை அப்படியே உரிமைப் பதிவேட்டில் ஏற்றினால் யார் பெயர் ஏறும்? உழுகிற மகன்களின் பெயர்தான். மகள்களுக்கு நோட்டீஸ் எந்த விலாசத்துக்குப் போகும்? அதிகாரியிடம் அந்த விலாசமே இருக்காது.

யு.டி.ஆர். காலத்துப் பிழைகளையும் தேடுங்கள். 1979-இலிருந்து 1987 வரை நடந்த அந்தப் பதிவு மேம்பாட்டுப் பணியில் தவறாக ஏறிய பெயரும், மாறிப்போன பரப்பும் திருத்த மனுக்களாக இன்றைக்கும் வருவாய் அலுவலகங்களில் அலைந்துகொண்டிருக்கின்றன. எட்டு ஆண்டு எடுத்துச் செய்த வேலையின் பிழை நாற்பது ஆண்டு கழித்தும் தீரவில்லை. அதிலிருந்து பிறந்த பதிவுகளைத்தான் கணினியில் ஏற்றினோம். அவற்றை இறுதி என்று முத்திரை குத்துமுன் திருத்துவதற்கு எளிய வழி ஒன்று வேண்டும் என்று கேட்க இதைவிட நல்ல சான்று கிடைக்காது. அனுப்பும் நகல்களில் பெயர், ஆதார் எண், தொலைபேசி எண் எல்லாவற்றையும் மறைத்துவிடுங்கள். சிக்கலின் வடிவம் தெரிந்தால் போதும்.

படி 5: பெயர் ஏறாதவர்களைத் தேடிப் போங்கள்

கிராம சபையில் இதைப் பொருளாக வைக்கலாம். தமிழ்நாட்டில் ஆண்டுக்கு ஆறு நாள் கிராம சபை கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. அந்த நாள்களில் ஒன்று கருத்துக்கேட்புக் கெடுவுக்குள் வந்தால், தீர்மானம் போட்டு நகல் வாங்கிவிடுங்கள். ஒரு ஊரின் தீர்மானத்துக்குத் தனிக் கடிதத்தைவிட மதிப்பு அதிகம். கோடையில் தாலுகா அலுவலகத்தில் நடக்கும் வருவாய்க் கணக்குத் தணிக்கையான ஜமாபந்தியும் நல்ல இடம். பட்டாப் பிரச்சினை உள்ளவர்கள் மனுவோடு தாலுகா அலுவலகத்துக்கு வருவார்கள். வரிசையில் நிற்கும்போதே பேசிவிடலாம்.

பெண்களைத் தனியாகச் சந்தியுங்கள். அண்ணன் தம்பி உட்கார்ந்திருக்கும் கூட்டத்தில் எந்தப் பெண்ணும் எழுந்து பிறந்த வீட்டுப் பங்கைப் பற்றிப் பேச மாட்டார். மகளிர் குழுக் கூட்டம் முடிந்த பிறகு அரை மணி நேரம் கேட்டு வாங்கினால் பேசுவார்கள். குத்தகைதாரர்களையும் விட்டுவிட வேண்டாம். குத்தகை உரிமையைப் பதிவு செய்ய 1969-ஆம் ஆண்டிலிருந்தே தனிச் சட்டம் இருக்கிறது. பதிவு செய்யாமல் வாய்ப்பேச்சில் உழுபவரைத் தேடிப் பிடியுங்கள். கோயில் மனையில் குடியிருப்பவர், நத்தத்தில் பட்டா இல்லாமல் இருப்பவர், வெளிநாட்டில் வேலை பார்ப்பவரின் குடும்பம் என்று ஒவ்வொரு வகையிலும் ஒருவரிடமாவது பேசிவிட வேண்டும்.

சட்டம் பற்றி அபிப்பிராயம் கேட்காதீர்கள். நடந்ததைக் கேளுங்கள். கடைசியாக எப்போது சார்பதிவாளர் அலுவலகம் போனீர்கள்? பட்டா மாற என்னென்ன காகிதம் கேட்டார்கள்? நோட்டீஸ் வந்ததா, யார் வாங்கினார்கள்? விரல்ரேகை விழாமல் திரும்பியது உண்டா? எந்தப் பிரிவு யாரைப் பாதிக்கும் என்பதை அந்தப் பதில்களிலிருந்து நீங்கள் எடுத்துக்கொள்ளலாம்.

படி 6: எழுதுங்கள், பிரிவு எண்ணோடு

‘மக்கள் விரோத மசோதாவைத் திரும்பப் பெறு’ என்று மட்டும் எழுதினால் எதிர்ப்பு என்ற கணக்கில் ஒன்று கூடும், அவ்வளவுதான். ஒரே கடிதத்தை நகலெடுத்து ஆயிரம் பேர் அனுப்பினாலும் அதை ஒரே கருத்தாகத்தான் எடுத்துக்கொள்வார்கள். இங்கிலாந்தில் நிலப் பதிவுச் சட்டத்தைத் திருத்துவது பற்றி அங்குள்ள சட்ட ஆணையம் 2016-இல் கருத்துக் கேட்டபோது, எண்ணிட்ட கேள்விகளாகக் கேட்டது. 2018-இல் இறுதி அறிக்கை தந்தது. நம் ஊரில் அப்படிக் கேள்விகள் தருவது அரிது. ஆகவே அந்த ஒழுங்கை நாமே கொண்டுவர வேண்டும். ஒவ்வொரு கருத்திலும் நான்கு விஷயம் இருந்தால் போதும்: எந்தப் பிரிவு, அதனால் யாருக்கு என்ன ஆகும், அதற்குச் சான்று, மாற்று வாசகம்.

உரிமைப் பதிவு வகை வரைவு ஒன்று, ‘பதிவேட்டை இணையத்தில் வெளியிட்ட 90 நாளுக்குள் ஆட்சேபம் தெரிவிக்க வேண்டும்’ என்று சொல்வதாகப் பயிற்சிக்கு வைத்துக்கொள்வோம். கருத்தை இப்படி எழுதலாம்:

“பிரிவு 12: இணைய வெளியீட்டை மட்டும் நோட்டீஸாகக் கொள்வதால், பதிவேட்டில் பெயர் இல்லாத வாரிசுகளுக்குத் தகவலே போய்ச் சேராது. எங்கள் ஊரில் நாங்கள் பார்த்த சர்வே எண்ணில் பட்டாதாரர் இறந்துவிட்டார். மூன்று மகள்களின் பெயர் எந்த ஆவணத்திலும் இல்லை (இணைப்பு 1). மாற்று வாசகம்: ‘பட்டாதாரர் இறந்திருந்தால், வாரிசுச் சான்றின்படியும் உள்ளூர் விசாரணையின்படியும் தெரியவரும் எல்லா வாரிசுகளுக்கும் தமிழில் எழுத்து மூலம் நோட்டீஸ் சார்பு செய்ய வேண்டும். கிராம சபையில் பட்டியலை வாசிக்க வேண்டும். ஆட்சேபக் கெடு, நோட்டீஸ் கிடைத்த நாளிலிருந்து மூன்று ஆண்டு.’”

மூன்று ஆண்டு ஏன்? நிதி ஆயோக்கின் மாதிரிச் சட்டமே அந்த அளவுக்குத்தான் காலம் கொடுத்தது. அரசுத் தரப்பு எழுதியதையே சுட்டிக்காட்டினால் மறுப்பது கடினம்.

அரசு உரிமைக்கு உறுதி தருவதாக வரைவு சொன்னால், இழப்பீடு பற்றியும் கட்டாயம் எழுதுங்கள். பதிவேட்டின் பிழையால் ஒருவர் நிலத்தை இழந்தால், பணம் கொடுப்பது யார், எந்த நிதியிலிருந்து, எத்தனை மாதத்தில்? டாரன்ஸ் முறையில் இப்படி இழப்பீடு கொடுக்கும் நிதி பிரிக்க முடியாத அங்கம். உறுதியை மட்டும் எடுத்துக்கொண்டு இழப்பீட்டை விட்டுவிட்ட சட்டத்தில், அரசு செய்த பிழையைக் குடும்பம் சுமக்க வேண்டியிருக்கும்.

பிடித்த பிரிவுகளையும் ஆதரித்து எழுதுங்கள். பவரையும் விற்பனை ஒப்பந்தத்தையும் கட்டாயம் பதிவு செய்வது தமிழ்நாட்டில் முன்பே வந்துவிட்டது. அதன் பலனை நீங்கள் நேரில் பார்த்திருந்தால் சொல்லுங்கள். நல்ல பிரிவுக்கு ஆதரவு வராவிட்டால், அதனால் நஷ்டப்படுபவர்களின் எதிர்ப்பு மட்டும் கோப்பில் நிற்கும்.

படி 7: அனுப்புவதும் அத்தாட்சியும்

மின்னஞ்சலிலும் தபாலிலும், இரண்டு வழியிலும் அனுப்புங்கள். தபால் ரசீதை ஒட்டி வையுங்கள். பத்திரப் பதிவு பொதுப் பட்டியலில் வருகிறது, நிலமும் நில ஆவணங்களும் மாநிலப் பட்டியலில். ஆகவே மத்திய வரைவானாலும் ஒரு நகல் சென்னை சாந்தோமில் உள்ள பதிவுத்துறைத் தலைவர் அலுவலகத்துக்குப் போகட்டும். தொகுதி எம்.பி.க்கும் எம்.எல்.ஏ.வுக்கும் ஒரு பக்கச் சுருக்கம் போதும்.

படி 8: கெடு முடிந்த பிறகு

பலரும் இங்கே கைவிட்டுவிடுகிறார்கள். தகவல் உரிமைச் சட்டத்தின் 4(1)(சி) பிரிவு, முக்கியக் கொள்கை வகுக்கும்போது தொடர்புடைய உண்மைகளை அரசு தானே வெளியிட வேண்டும் என்கிறது. கெடு முடிந்து ஒரு மாதம் கழித்து, பத்து ரூபாய் கட்டணத்தோடு ஒரு மனுப் போடுங்கள். மொத்தம் எத்தனை கருத்து வந்தது, எந்தெந்தப் பிரிவு மாறியது, வந்த கருத்துகளின் சுருக்கம் எங்கே என்று கேளுங்கள். 30 நாளில் பதில் வர வேண்டும்.

மசோதா நாடாளுமன்றத்துக்குப் போய் நிலைக்குழுவுக்கு அனுப்பப்பட்டால் இன்னொரு கதவு திறக்கும். குழு விளம்பரம் கொடுத்துக் கருத்துக் கேட்கும், சிலரை நேரில் அழைத்தும் கேட்கும். முன்பு அனுப்பிய கருத்தையே புதுத் தேதி போட்டு, புது வாசகத்துக்கு ஏற்பப் பிரிவு எண்ணை மாற்றி அனுப்பலாம்.

கடைசியாக விதிகள். சட்டம் நிறைவேறியதும் எல்லோரும் கலைந்துவிடும் நேரத்தில்தான் அரசிதழில் வரைவு விதிகள் வரும். நோட்டீஸ் படிவம், அது எந்த மொழியில் இருக்க வேண்டும், கட்டணம், விரல்ரேகை விழாதவருக்கு மாற்று வழி, மேல்முறையீட்டுக்கு எத்தனை நாள் என்பதெல்லாம் அங்கேதான் முடிவாகும். மூன்றாம் படியில் ‘விதிகளில் குறிப்பிட்டவாறு’ என்று அடிக்கோடிட்ட பட்டியலை எடுத்து ஒவ்வொன்றாக ஒப்பிட்டு, அதற்கும் இதே முறையில், இதே நான்கு விஷயங்களோடு எழுதி அனுப்புங்கள்.